முஷ்டி, விளிம்பு, உள்ளங்கை

மேசைமேல் மூன்று சத்தம் கேட்க வேண்டும். ஆறு கேட்டது.

சோதனை எளிதானதுதான். கையை மூடி முஷ்டியால் ஒரு தட்டு, சுண்டுவிரல் ஓரத்தைத் திருப்பி ஒரு தட்டு, பிறகு உள்ளங்கையை விரித்து ஒரு தட்டு. டொக், சட், தப். நிறுத்தாமல் பத்து முறை. எதிரே உட்கார்ந்திருந்த எம்பிராய்டரி அக்கா இடது கையால்தான் தட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் இருந்தது அந்த ஒரு கைதான். வலது மணிக்கட்டோடு முடிந்துபோன கையின்மேல் சட்டைக்கையின் நுனியை மடித்து ஊசி குத்தியிருந்தார்கள்.

டீச்சர் பேனாவை நிறுத்திக் காது கொடுத்தாள். அவள் உண்மையில் டீச்சர் இல்லை. மனநல மருத்துவமனையில் நோயாளிகளின் கைகால் ஒன்றோடொன்று ஒத்துழைக்கிறதா என்று பார்த்துத் தாளில் எண் போடுவது அவள் வேலை. தடுமாற்றம் இல்லையென்றால் சுழி, கொஞ்சம் இருந்தால் ஒன்று, நன்றாகத் தெரிந்தால் இரண்டு. மார்க் போடுகிறவள் என்பதால் வார்டில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"போதும்க்கா. கொஞ்சம் நிறுத்துங்க."

அக்கா நிறுத்தினாள். சாயங்கால மழைக்கு முந்தைய புழுக்கம் அறையை அடைத்துக்கொண்டிருந்தது. மின்விசிறி முனகியது. தூரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து அறையில் யாராவது தட்டியிருப்பார்கள் என்று டீச்சர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்து அறை மருந்துக் கிடங்கு. மத்தியானமே பூட்டியாயிற்று.

அவளுக்கு இன்றைக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முன்னால் நின்றது. காலையில் பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருந்தது. 'ஒரு கை நல்லாத்தானே இருக்கு? சலவைக்கூடத்துல துணி மடிக்கலாமே. ஒரு சோதனை பண்ணிட்டு, அனுப்பலாம்னு எழுதிக் குடு.' கையைப் பறித்துக்கொண்ட அதே சலவைக்கூடம்!

நான்கு மாதத்துக்கு முன்னால் இதே மேசையில் இதே அக்காவுக்கு டீச்சர் தாளின் மூன்று வரியிலும் 'இரண்டு' போட்டிருந்தாள். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களையும் வரிசையாகத் தொடச் சொன்னால் அக்காவின் விரல்கள் நடுவழியில் தொலைந்துபோயின. கையைத் திருப்பு என்றால் திரும்பியது, ஆனால் அரை நொடி தாமதமாக. அக்காவைப்போல மனச்சிதைவு நோய் வந்த பலருக்கு இப்படி இருக்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தட்டு நழுவினால் திமிர் என்பார்கள், பொத்தான் போட நேரமானால் சோம்பேறி என்பார்கள். பதினைந்து வருடம் துணியில் பூ வேலை செய்தவளுக்கு ஒருநாள் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனதிலிருந்து அவள் வீட்டிலும் அதையே சொன்னார்கள்.

அன்றைக்குப் பெரிய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எல்லாம் மருந்து பண்ற வேலைம்மா."

"மருந்து தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்த தாள்லயும் இதேதான் சார் இருக்கு."

"முப்பது பேரை வேலைக்கு அனுப்பணும்னு மேலேர்ந்து நெருக்குறாங்க. நீ எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா போட்டா நான் யாரை அனுப்புறது?"

அவரே மூன்று இரண்டையும் அடித்துச் சுழியாக்கினார். தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வாயைத் திறக்காமல் போட்டாள்.

மூன்றாவது வாரம், சலவைக்கூடத்தில் போர்வைகளைத் தேய்க்கும் சூடான ரோலருக்குள் துணியோடு கையும் போனது. காதில் குரல் கேட்டு நோயாளி வேண்டுமென்றே கையை விட்டதாக அறிக்கை எழுதினார்கள். கட்டுப் போட்டுக் கிடந்த அக்கா, வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரே விஷயத்தைச் சொன்னாள். "எந்தக் குரலும் சொல்லல. இழுக்கணும்னு நெனைச்சேன். கை லேட்டா கேட்டுச்சு." அதையும் நோய்க்கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்.

"திரும்பத் தட்டுங்கக்கா. மெதுவா."

டொக், சட், தப்.

டொக், சட், தப்.

அக்காவின் இடது கை தப்பும் தவறுமாகத்தான் தட்டியது. முஷ்டிக்குப் பிறகு உள்ளங்கை வந்தது, விளிம்பை மறந்தது, மறுபடி முஷ்டிக்கு ஓடியது. ஒவ்வொரு தப்புக்கும் பின்னால், மேசையின் மறுபக்கத்திலிருந்து, மடித்துக் குத்திய சட்டைக்கைக்கு ஒரு சாண் முன்னாலிருந்து, சரியான வரிசை ஒன்று பதிலாக வந்தது. பிசகே இல்லை. கொட்டிவைத்த பென்சில்கள் அந்தப் பக்கத்தில் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் துள்ளின.

ஒரு வாசனையும் வந்தது. ஈரத்துணி கருகுகிற வாசனை. சோப்பும் நீராவியும் அதற்கடியில் வேறு ஏதோவும்.

அக்கா தலையைத் தூக்காமல் கேட்டாள். "உங்களுக்கும் கேக்குதா டீச்சர்?"

டீச்சர் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"நல்லவேளை. ஒரு மாசமா இப்படித்தான். சொன்னா ஊசியைக் கூட்டிருவாங்கன்னு சொல்லல." அக்கா லேசாகச் சிரித்தாள். "என்கிட்ட இருந்தப்போ ஒழுங்கா ஒரு வேலை செய்யல. போனப்புறம் பாருங்க, என்னா சுத்தம்!"

கதவு திறந்தது. பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். "இன்னுமா முடியல?" என்றபடி தாளை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இரண்டு. அவர் முகம் மாறியது.

"சார், இவங்களை அங்க அனுப்ப முடியாது. நான் எழுத மாட்டேன்." நான்கு மாதம் தேக்கிவைத்த கோபம் இவ்வளவு சின்னக் குரலாகவா வர வேண்டும்? "இந்தத் தடவை நீங்க அடிச்சுத் திருத்தினாலும் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏம்மா, மேசையைத் தட்டுறதுக்கு இவ்வளவு கதையா?" அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவின் வலப்பக்கம் உட்கார்ந்தார். "சின்னப் புள்ளை செய்யும் இதை. பாரு."

"அந்தப் பக்கம் வேணாம் டாக்டர்" என்றாள் அக்கா.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நோயாளிகள் பேசினால் அவர் காதில் விழுவதில்லை. வலது கையை மூடி மேசையில் தட்டினார். டொக். விளிம்பைத் திருப்பினார். சட். உள்ளங்கையை விரித்து வைத்தார்.

தப்.

கை அங்கேயே நின்றது.

"பாத்தியா? இதுல என்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். தோள் அசைந்தது. முழங்கை அசைந்தது. கை அசையவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மேசைதான் நகர்ந்தது.

"யாரு... யார் பிடிக்கிறது?"

யாரும் பிடிக்கவில்லை. டீச்சர் நன்றாகப் பார்த்தாள். யாருமே பிடிக்கவில்லை. ஆனால் அவர் புறங்கையில் ஐந்து பள்ளங்கள் விழுந்திருந்தன. விரல் அளவுக்கு. அழுத்தமாக.

நீராவி எழுந்தது.

"சூடு! ஐயோ, சூடு! எடு! எடுக்கச் சொல்லு அவளை!"

"அக்கா, நிறுத்தச் சொல்லுங்க!"

அக்கா நாற்காலியோடு பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியில் கிடந்தது. கண்ணீர் வழிந்தது. "அது என் பேச்சை என்னிக்கு டீச்சர் கேட்டுச்சு? எனக்குக்கூட இவ்வளவு கோவம் இல்ல. அந்தக் கைக்குத்தான்."

டீச்சர் எழுந்து ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்திருக்கலாம். கத்தி ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நன்றாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கணம் நீண்டுகொண்டே போனது.

மணிக்கட்டிலிருந்து அந்த அழுத்தம் உருண்டு வந்தது, மெதுவாக. ஒரே சீராக. ஒரு சின்ன நொறுங்கல். இன்னொன்று. அவர் அலறல் பாதியில் வெறும் காற்றாகிவிட்டது.

பிறகு விட்டது.

அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். மார்போடு அணைத்திருந்த கையை டீச்சர் பார்த்தாள். ரத்தம் இல்லை. தட்டையாக இருந்தது. தேய்த்து மடித்த கையுறைபோல. விரல்முட்டி இல்லை, நரம்பு இல்லை. உள்ளங்கையில் ஒரு ரேகைகூட இல்லை. அவ்வளவு வழவழப்பு.

மழை பிடித்துக்கொண்டது. வராந்தாவில் யாரோ ஓடிவரும் சத்தம், வெகுதூரத்தில்.

"முடிஞ்சிருச்சாக்கா?"

அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை மெதுவாக நகர்ந்தது. பென்சில்களைத் தாண்டி. தாளைத் தாண்டி. டீச்சரின் பக்கமாக.

பென்சில் ஒன்று உருண்டது.

கருகல் வாசனை முகத்தருகே வந்தது. பேனாவைப் பிடித்திருந்த, அன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் போட்ட, டீச்சரின் வலது கையின்மேல் வெதுவெதுப்பாக ஏதோ உட்கார்ந்தது. முரட்டுத்தனம் இல்லை. அவசரமும் இல்லை. பேனாவை உருவி ஓரமாக வைத்தது.

"டீச்சர்" என்றாள் அக்கா, குரலே இல்லாமல். "கையை எடுத்திருங்க."

எடு என்று டீச்சர் தன் கைக்குச் சொன்னாள். எடு. எடு.

அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஆள்காட்டி. நடுவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல். உள்ளங்கை மேசைமேல் விரிந்து படிந்தது. பார்க்க முடியாத ஒன்று அவள் சட்டைக்கையின் ஓரத்தை இழுத்து நேராக்கியது. பிறகு புறங்கையை, நுனியிலிருந்து மணிக்கட்டுவரை, மணிக்கட்டிலிருந்து நுனிவரை, சுருக்கம் எடுக்க நீவிக்கொடுக்க ஆரம்பித்தது.