ஐந்தாவது டயரில் எழுத்து இல்லை

செல்போன் அலறியது.

மோகன்குமார் எடுக்கவில்லை.

எப்படி எடுப்பான்? ஒரு கையில் டயர் கழற்றும் இரும்பு லீவர். மறு கையில்... குணசீலனின் சட்டைக் காலர்!

சேலம் பைபாஸ் ஓரத்தில் பழைய கார்கள் விற்கும் ஷெட் அது. குணசீலனுடையது. ஷட்டரை உள்பக்கமாக இழுத்து விட்டிருந்தான் மோகன்குமார். நாமக்கல்லில் மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரன். மனைவி சௌந்தர்யாவின் காரியம் நேற்றுதான் முடிந்திருந்தது.

"அண்ணா... காலரை உடுங்கண்ணா! மூச்சு முட்டுது!"

"அவளுக்கும் இப்படித்தானடா முட்டியிருக்கும்!"

மோகனூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு, சௌந்தர்யா தனியாகக் கார் ஓட்டிப் போன முதல் நாள். போகும் வழியில் இடது பக்கப் பின் டயர் வெடித்தது. கார் சுழன்றது. புளியமரம் குறுக்கே நின்றது.

அவ்வளவுதான்.

"தேஞ்ச டயருல புதுசாட்டம் தெரிய கத்தியால வெட்டுப் போட்டு, கருப்பு பாலீஷ் அடிச்சு, என் தலையில கட்டிட்டியேடா!"

"சத்தியமா இல்லீங்கண்ணா! ஸ்டெப்னியோட சேத்து அஞ்சும் ஒண்ணா போட்ட நல்ல டயருங்க. நீங்கதான் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்களே? லாரிக்காரருகிட்டப் போயி டயருல ஏமாத்த நான் என்ன கிறுக்கனுங்களா?"

"அப்ப வாங்குன மாசமே ஏன்டா நாலு டயரும் மாத்தி மாத்திக் காத்து இறங்குச்சு?"

"வால்வா இருக்கும்னு நெனச்சேனுங்க..."

"வால்வு!"

லீவர் இறங்கியது. குணசீலன் தலையை இழுத்துக்கொள்ள, பக்கத்துக் காரின் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது!

மோகன்குமாருக்கு இரைத்தது. கண்ணுக்குள் அவள் வந்து நின்றாள்.

கார் வீட்டுக்கு வந்த அன்று... எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்த கையோடு, அடுப்பில் கம்பியைக் காய்ச்சினான். லாரி ஷெட்டில் தினம் நடப்பதுதான். டயரில் சூடு போட்டு அடையாளம் வைக்காவிட்டால், வழியில் எவனாவது மாற்றிவிடுவான். லாரிக்கு அவன் பெயர். காருக்கு?

'சௌ' என்று நாலு டயரிலும் எழுதினான். பொசுங்கிய ரப்பர் வாடையில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க, என்னையப் போயி ரோட்டுல உருள உடறீங்க?"

"பேரு இருந்தா ஒரு பய தொடமாட்டான் அம்மணி!"

"ஸ்டெப்னிக்கு?"

"அது டிக்கிக்குள்ள பூட்டிக் கெடக்குது. அத எவன் எடுக்கப் போறான்?"

அப்புறம் ஒரு நாள் அவளே வந்து சொன்னாள். "டயரு பக்கவாட்டுல வீங்கியிருக்குதுங்க. பொன்னுக்கு வீங்கி வந்த புள்ள கன்னமாட்ட!"

"வித்தவனே மாத்திக் குடுக்கட்டும். ரெண்டு நாள் பொறு" என்றான்.

அவள் பொறுத்தாள். டயர் பொறுக்கவில்லை.

தட்! தட்! தட்! ஷட்டர் அதிர்ந்தது.

"மோகன்குமார்! எஸ்.ஐ. தமிழினி பேசறேன். தொறங்க!"

"போயிருங்க மேடம்! இவன முடிச்சுட்டு நானே ஸ்டேசனுக்கு வாரேன்!"

"டயர் ரிப்போர்ட் வந்துருச்சு. அதச் சொல்லத்தான் போன் மேல போன் போட்டேன். யாரு காரணம்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அடிங்க!"

கை தளர்ந்தது. குணசீலன் தவழ்ந்து போய் ஷட்டரைத் தூக்கினான்.

தமிழினி பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். வெடித்த டயர்.

"ரோட்டுல படற பக்கம் தேயவே இல்ல. பாத்தீங்களா?"

மோகன்குமார் பார்த்தான். தேயவில்லைதான்.

"வெட்டுப் போட்டதும் இல்ல. கிழிசல் பக்கவாட்டுல ஆரம்பிச்சிருக்கு. மத்த மூணு டயர்லயும் அதே எடத்துல வீக்கம். ஸ்டெப்னி மட்டும் கல்லாட்டம் இருக்கு." தமிழினி நிறுத்தினாள். "நாலுலயும் இருந்து, அஞ்சாவதுல மட்டும் இல்லாதது என்ன?"

அவன் துண்டைத் திருப்பினான்.

கிழிசல் எழுத்தின் நடுவே போயிருந்தது. இந்தப் பக்கம் பாதி. அந்தப் பக்கம் பாதி.

சௌ!

தமிழினி தொடர்ந்தாள். "லாரி டயரு பக்கவாட்டுல தடிமன். சூடு தாங்கும். கார் டயரு அந்த எடத்துல ரொம்ப மெல்லிசுங்க. உள்ள இருக்கற நூல் வரைக்கும் பொசுங்கியிருக்கு. காத்து கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு, வீங்கி..."

லீவர் சிமெண்ட் தரையில் விழுந்து அலறியது.

மோகன்குமார் அப்படியே உட்கார்ந்தான். அந்தத் துண்டை மடியில் வைத்துத் தடவினான். குழந்தையைத் தடவுவது போல.

குணசீலன் கழுத்தைத் தேய்த்தபடியே ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். "கேஸெல்லாம் வேண்டாங்க மேடம். கண்ணாடிதான... நானே மாத்திக்கறேன். அண்ணா, ஒரு வாய் குடிங்க."

குடிக்கவில்லை. சிரித்தான் மோகன்குமார். கண்ணில் கொட்டிக்கொண்டே சிரித்தான்.

"திருடன் தொடக்கூடாதுன்னுதானுங்க மேடம் பேரப் போட்டேன்... எமன் எழுத்துக்கூட்டிப் படிச்சு, ஆள் மாறாம வந்து தூக்கிட்டுப் போயிட்டானுங்க!"