அசையாதவர் விளக்கு

சாமான் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்திருக்கக் கூடாது.

அது திரைக்குள் இருந்த சாமான் அறை. கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்கிற அந்தக் கணினி விளையாட்டில் ஊரெல்லாம் கோட்டையும் கொத்தளமும் கட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் தான் குடியிருக்கும் வீட்டையே அச்சு அசலாகக் கட்டி வைத்திருந்தாள். கூடம், அதன் மூலையில் கணினி மேஜை, பக்கத்தில் சமையலறை, இரண்டு படுக்கையறைகள், இருட்டு நடையின் கோடியில் சாமான் அறை. "அரண்மனை கட்டச் சொன்னா வாடகை வீட்டைக் கட்டிட்டு உக்காந்திருக்கே" என்று தம்பி கிண்டல் செய்வான். வெளியூரில் இருக்கும் தம்பியும் அவளும் அன்றாடம் சந்தித்துக்கொள்வதே அந்த வீட்டில்தான். தானாகத் திறக்கும் கதவு, ஆள் வந்தால் இறங்கும் படிக்கட்டு, பொத்தானை அழுத்தினால் சுவருக்குள் போய்விடும் அலமாரி என்று இருவரும் சேர்ந்து அதற்குள் செய்து பார்க்காத பொறி கிடையாது.

அந்த விளக்கும் அவள் கேட்டு வந்ததுதான். கடைகளிலும் அலுவலகங்களிலும் திருட்டு அலாரம் பொருத்துவது அவளுக்குத் தொழில். ஆள் அசைந்தால் கண்டுபிடித்துவிடும் கருவிகள், அசையாமல் நின்றால் அங்கே ஆளே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். அலுவலகக் கழிப்பறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்தால் விளக்கு அணைந்துவிட, பெரிய பெரிய அதிகாரிகள்கூட இருட்டில் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும் கூத்து அவளுக்குத் தெரியும். விளையாட்டிலும் அதே குறைதான். அதனால், புதிதாக என்ன வேண்டும் என்று விளையாடுகிறவர்கள் யோசனை சொல்லும் பக்கத்தில் எழுதிப் போட்டாள். அசையாமல் நிற்கிறவரைக் கண்டால் எரியும் விளக்கு ஒன்று வேண்டும்; அசைந்தால் அது அணைய வேண்டும்; இருவர் நின்றால் இரு மடங்கு வெளிச்சம் தர வேண்டும். கணக்கில்லாத பேர் ஆமாம் போட்டார்கள். சில மாதத்தில் விளக்கு வந்தேவிட்டது. அறைக்கு ஒன்றாக மாட்டிவிட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தாள்.

திரையில் அவளுடைய பொம்மை வாசலில் நின்றது. தம்பியின் பொம்மை தோட்டத்தில் நின்றது. சாமான் அறையில் யாரும் இல்லை. விளக்கு மட்டும் மங்கலாக, ஆடாமல் எரிந்தது.

"ஏதோ கோளாறு அக்கா. கழட்டி மாட்டு" என்றான் தம்பி போனில்.

கழற்றி மாட்டினாள். எரிந்தது. வேறொன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். அதுவும் எரிந்தது. நாம் கேட்டு வாங்கியதே நம் காலை வாருகிறதே என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. பயம் வரவில்லை, அப்போது.

பயம் வந்தது மறுநாள் பிற்பகலில். மழை காலையிலிருந்தே விடாமல் பெய்து, ஜன்னல் கம்பிகளில் துரு வாசனையும் நடையில் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் ஏறியிருந்தன. பள்ளிக்கூடம் விடுமுறை. ஆறு வயது மகள் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கால் ஓரிடத்தில் நிற்காது. நிற்க வைத்தாலும் ஒரு குதிகாலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தூக்கத்தில் மட்டும்தான் அடங்குவாள். திரையில், மகளின் அறையைப் போலக் கட்டிய அறையில், விளக்கு எரிந்தது. அடுத்த கணம் அணைந்தது. உள்ளே கட்டில் முனகியது. வாலு புரண்டு படுத்தாள். விளக்கு மறுபடி எரிந்தது.

அவள் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்தாள். திரையில் கூடத்து விளக்கு எரிந்தது. ஒரு விரலைத் தூக்கினாள். அணைந்தது.

அந்த விளக்குகள் பொம்மைகளைப் பார்க்கவில்லை. இந்த வீட்டைப் பார்த்தன. எப்படி என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவள் கண் சாமான் அறைக்குப் போய்விட்டது. அங்கே மங்கலாக, ஆடாமல், ஒருவர்.

தம்பியைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் சிரிப்பான். "நீ கொஞ்சம் அந்த ஸ்டோர் ரூம் விளக்கையே பாத்துக்கிட்டு இரு. நான் சொல்ற வரைக்கும் போனை வைக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடையில் நடந்தாள். சாமான் அறைக் கதவு வழக்கம்போல ஒருக்களித்து நின்றது. நிலை கோணலாகிப்போன கதவு அது. எத்தனை முறை சாத்தினாலும் கிரீச்சிட்டுக்கொண்டு தானே திறந்துகொள்ளும். உள்ளே போனாள். சுருட்டிய மெத்தை, இரண்டு சூட்கேஸ்கள், அலாரப் பெட்டிகள், ஒயர் சுருள்கள், பழைய துணியின் புழுங்கல் நாற்றம். மேலே குண்டு பல்பு. ஒளிந்துகொள்ள ஒரு பூனைக்குக்கூட இடமில்லை. நடுவில் போய் அசையாமல் நின்றாள்.

"அக்கா," என்றான் தம்பி, "இப்ப ரெண்டு மடங்கு வெளிச்சமா எரியுது. சரியான கோளாறுதான் போ."

அவள் வெளியே ஓடி வந்ததை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டான்.

அதன்பிறகு அது இடம் மாறியது. நடந்து போகும்போது எந்த விளக்கிலும் தெரியாது. எங்காவது நின்றால்தான் தெரியும். சமையலறையில் நின்றது. நடையில் நின்றது. ஒருநாள் விடிகாலையில் எழுந்து பார்த்தபோது மகளின் அறை விளக்கு இரு மடங்கு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. அவள் போட்ட கூச்சலில் வாலு அலறிக்கொண்டு எழுந்தாள். பகலில், வீட்டில் சத்தம் இருக்கும்போது, அது மறுபடி சாமான் அறைக்கே போய்விடும்.

கணவர் கப்பலில் வேலை செய்கிறார். அவராகக் கூப்பிட்டால்தான் பேச முடியும். தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவெடுத்தாள். மழையில் பாலம் முழுகி, மறுநாள் காலைக்குத்தான் பஸ் இருந்தது. நடுவில் ஒரே ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரி அது குழந்தையின் கட்டிலருகே வந்து நிற்காமல் இருந்தால் போதும்.

பிற்பகலில், என்ன செய்வது என்று தெரியாத கை பழக்கத்தில் விளையாட்டைத் திறந்து, திரையிலிருந்த சாமான் அறைக்கு ஓர் இரும்புக் கதவை வைத்துச் சாத்தியது. நடையின் கோடியில் தொம்மென்று சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தாள். ஒருநாளும் சாத்தி நிற்காத கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள், இழுத்தாள். சுவரோடு சுவராகிவிட்டது மாதிரி இருந்தது. திரும்பி வந்து திரையில் திறந்தாள். நடைக் கோடியில் கதவு கிரீச்சென்று திறந்துகொண்டது.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கதவு வேலை அவளுக்குக் கைவந்த கலை. மடமடவென்று கட்டினாள். சாமான் அறை விளக்கு எரிந்தால் கதவு மூட வேண்டும். மூடினால் உள்ளே அசைந்தாலும் ஆடினாலும் திறக்கக் கூடாது. திறக்க ஒரே ஒரு நெம்புகோல், திரையில் கூடத்துச் சுவரில். ஒருமுறை பிடித்ததும் ஓய்ந்துவிடுகிற பொறி அவளுக்குப் பிடிக்காது. திறந்துவிட்ட மறு கணமே அது தானாகத் தயாராகி, உள்ளே யார் நின்றாலும் மறுபடி மூட வேண்டும். தம்பி வாயைப் பிளப்பது அந்த நேர்த்தியைப் பார்த்துத்தான். பிடிப்பதைப் பற்றி மட்டுமே யோசித்தாள். உள்ளிருந்து யாரையாவது வெளியே விட வேண்டியிருக்கும் என்று யோசிக்கவில்லை.

"அம்மா, கண்ணாமூச்சி ஆடலாம் வாம்மா" என்று வாலு வந்து தோளில் தொங்கினாள்.

"ஒரு நிமிஷம்டா கண்ணு. அம்மா முக்கியமான வேலையா இருக்கேன்."

"நீ எப்பவும் சட்டுன்னு கண்டுபிடிச்சிடுவே. இந்தத் தடவை நான் அசையவே மாட்டேன். மூச்சுகூட விடமாட்டேன் பாரு."

"சரிடா, சரி. போ."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடையில் விளக்கு எரிந்தது. அணைந்தது. போகிறது. மழைச் சத்தம் கூரையில் கனத்தது. சமையலறையில் எங்கோ ஒரு பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கும் விளக்கில்லை. இன்னும் இல்லை. இன்னும் இல்லை.

சாமான் அறையில் எரிந்தது.

தொம்.

"மாட்டினியா!" என்று கத்தியேவிட்டாள். மேஜையை ஓங்கி அடித்தாள். கண்ணில் நீர் வந்தது, காலையில் பஸ் ஏறிவிடலாம் என்று மனம் லேசாகியது. வெளிச்சத்தை அதன்பிறகுதான் சரியாகப் பார்த்தாள்.

இரு மடங்கு.

"வாலு?"

மகளின் அறைப் பக்கம் திரும்பினாள்.

"வாலு!"

நடையில் ஓடினாள். கதவில் மோதினாள். கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவில் காதை வைத்தாள்.

"அம்மா, நீ இன்னும் கண்டுபிடிக்கலை. போ" என்று உள்ளே குசுகுசுவென்று குரல் வந்தது. பிறகு, இன்னும் மெதுவாக, "அம்மா. இங்க இன்னொருத்தங்களும் ஒளிஞ்சிருக்காங்க."

கூடத்துக்கு எப்படி வந்தாள் என்று தெரியவில்லை. நாற்காலி கவிழ்ந்தது. கணினிச் சுட்டியைப் பிடித்தாள். வழுக்கியது. மறுபடி பிடித்தாள். நெம்புகோலை இழுத்தாள்.

கிரீச்.

தொம்.

நடையில் சின்னக் காலடிகள். இருட்டிலிருந்து பூப்போட்ட கவுன் வந்தது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவள் மண்டியிட்டு அள்ளி அணைத்துக்கொண்டாள். தலையில் முத்தமிட்டாள். "என் செல்லமே, என் தங்கமே, அம்மா இருக்கேன்டா, அம்மா இருக்கேன்" என்று பிதற்றினாள். தலைமுடியில் பழைய துணியின் புழுங்கல் நாற்றம் அடித்தது. அந்த அறையில் இருந்தாளே, அடிக்காமல் என்ன செய்யும்.

அழுகையில் அவள் உடம்பெல்லாம் குலுங்கியது. அணைப்புக்குள் குழந்தை சமர்த்தாக நின்றது. அழவில்லை. நெளியவில்லை. குதிகால் காலைத் தேய்க்கவில்லை.

கிரீச்சுக்குப் பிறகு தொம் என்று கேட்டது அப்போதுதான் அவள் நினைவில் உறைத்தது.

குழந்தையின் தலைக்கு மேலாகத் திரை தெரிந்தது. அதில் கூடத்து விளக்கு எரிந்தது. அவளோ குலுங்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் எரிந்தது. மங்கலாக, ஆடாமல், ஒருவர்.

அதே திரையில், நடையின் கோடியில் இரும்புக் கதவு மூடியிருந்தது. சாமான் அறை விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. இருட்டில் யாரோ நிற்க முடியாமல் நிற்கிறார்கள். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு.

சுட்டி மேஜை விளிம்பில் கிடந்தது. கையை நீட்டினாள். எட்டவில்லை. எழுந்தால் எட்டும். எழப் பார்த்தாள். இடுப்பைச் சுற்றியிருந்த கைகள் இறுக்கவில்லை. தளரவும் இல்லை.

"விடு" என்றாள்.

சாமான் அறை விளக்கு அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

எரிந்தது.

அவள் அடுத்த அசைவுக்காகக் காத்திருந்தாள். ஒரே ஒரு தேய்ப்பு. ஒரே ஒரு நெளிவு. மழை பெய்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.