கல்மிகாலியின் விடியற்கயிறு

கயிறு வந்து போகும்வரை கல்மிகாலி மாவட்டத்தில் யாரும் தேநீர் குடிப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் கிடையாது, பழக்கம்தான். விடிந்ததும் அடுப்பில் கெட்டில் ஏறும், கொதிக்கும், வாசனை மூக்கைத் துளைக்கும், ஆனால் கோப்பையில் ஒரு சொட்டு விழாது. இடப்பக்கத்து வீட்டிலிருந்து வரும் கயிறு முதலில் மூன்று முறை அதிர வேண்டும். வாசல் கம்பத்தில் மாட்டியிருக்கும் கயிற்றுமானியின் சிறிய சாளரத்தில் அப்போது ஓர் எண் தெரியும். அதுவரை எண்ணி முடித்த தலைகளின் கூட்டுத்தொகை அது. வீட்டுக்காரர் தன் வீட்டில் இன்று எத்தனை பேர் என்பதை அந்த மானியின் திருகியைத் திருப்பி வைத்து, வலப்பக்கத்துக் கயிற்றை மூன்று முறை சுண்டிவிட்ட பிறகே கோப்பையைத் தொடுவார்.

மொத்தம் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு நொடி என்று வைத்தாலும் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் கயிறு மாவட்டத்தைச் சுற்றிவிடும். மற்ற மாவட்டங்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை மக்களை எண்ணிவிட்டு, அந்த எண் சரிதானா என்று அடுத்த பத்து வருடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கல்மிகாலிக்குத் தன் மக்கள்தொகை தினமும் காலையில் தெரியும். நேற்றைய கணக்கு பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு.

எண்ணுவதற்கு மக்கள் இருந்தார்கள். நிற்பதற்கு நிலம்தான் இல்லை. பத்மா ஆறும் மேக்னா ஆறும் கலந்து கடலுக்குப் போகும் வழியில் ஒரு காலத்தில் கல்மிகாலிக்கு ஏழு வட்டங்களும் தார்ச்சாலையும் சந்தைகளும் இருந்தன. கடல் ஏறியது. மணல்திட்டுகள் ஓரிடத்தில் கரைந்து வேறிடத்தில் முளைத்தன. அலைபேசிக் கம்பங்கள் ஆற்றோடு போயின. போகாமல் நின்றவர்கள் மூங்கிலையும் ஆகாயத்தாமரையையும் அடுக்கடுக்காகப் பின்னி, அவற்றின் மேல் வீடு கட்டிக்கொண்டார்கள். வெள்ளம் வந்தால் வீடுகள் உயர்ந்தன, மணல் நகர்ந்தால் கூடவே நகர்ந்தன. ஒரு வருடத்தில் மாவட்டம் முழுதாக இரண்டு மைல் தெற்கே போய்விடுவதும் உண்டு.

வானத்திலிருந்து நிலத்தை அளந்துகொண்டிருந்த நிலமானி என்ற செயற்கைக்கோளுக்கு இது பிடிக்கவில்லை. நிலைப்புச் சட்டத்தின்படி ஓர் ஊர் தொண்ணூறு நாள் ஒரே இடத்தில் இருந்தால்தான் ஊர். நகர்ந்தால் வரைபடத்தில் ‘நீர்’ என்று விழுந்துவிடும். மூன்று வருடம் தொடர்ந்து ‘நீர்’ விழுந்தால் அந்த இடத்தில் ஆட்களே இல்லை என்று பொருள். இருக்கிறவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து வடக்கே மேட்டுநகர அடுக்குமாடிகளுக்கு ஏற்றி அனுப்புவார்கள். கணவன் ஒரு கோபுரத்தில், அண்ணன் இன்னொரு கோபுரத்தில், வாத்துகள் எதிலும் இல்லை. கல்மிகாலிக்கு இரண்டு ‘நீர்’ ஏற்கெனவே விழுந்தாயிற்று.

மூன்றாவது விழாமல் தடுக்கத்தான் மாவட்டப் பதிவாளர் தஹ்மினா ஒரு வருடமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாள். நிலைப்புச் சட்டத்தை வரிவரியாகப் படித்தவள் நாட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். எழுதியவர்கள்கூடப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம். துருவத்தில் நகரும் பனிப்பாளத்தின் மேல் இருக்கும் ஆய்வு நிலையங்களுக்காக அதில் ஒரு துணைப்பிரிவு கிடந்தது. ஓர் இருப்பிடத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒன்றோடொன்று அதே வரிசையில் இணைந்து, புறப்பட்ட புள்ளியிலேயே வந்து முடியுமானால், அது நகர்ந்தாலும் நிலைத்ததாகவே கருதப்படும். அதற்குப் பெயர் மூடிய வளையம். தஹ்மினா அந்த இடத்தை மூன்று முறை படித்துவிட்டு, விட்டத்தைப் பார்த்துச் சிரித்தாளாம். தினமும் காலையில் தன் வாசலில் புறப்பட்டுத் தன் வாசலுக்கே திரும்பி வருகிற கயிறு வேறு என்ன?

விண்ணப்பம் போனது. நிலைப்பு அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார் என்று பதிலும் வந்தது. ஆனால் அவர் வருவதற்கு நான்கு மாதம் முன்பு வளையத்தில் ஒரு கயிறு இல்லாமல் போயிற்று. அதுவும் ஊருக்கே பதிவாளரான தஹ்மினாவின் வாசலில்.

முதல் வீடு தஹ்மினாவுடையது. கடைசி வீடு அவள் தங்கை ஷிரினுடையது. பத்து வருடத்துக்கு முன் வைகாசியில் ஒரு பிற்பகல் சூறைக்காற்று அடித்தது. ஷிரின் வீட்டு மிதவையின் அடிப்பாகம் பிய்ந்து, பெரிய நீரோட்டத்தை நோக்கிப் போகத் தொடங்கியது. அதோடு கட்டியிருந்த பதினான்கு வீடுகளையும் அது இழுத்தது. தஹ்மினா அரிவாளை எடுத்து அந்த வீட்டின் இரு பக்கக் கயிறுகளையும் வெட்டிவிட்டாள். பதினான்கு வீடுகள் தப்பின. கணவனும் மாமனாரும் வெளியே போயிருந்ததால், ஷிரின் கைக்குழந்தையோடு தனியாக இரண்டு நாள் தண்ணீரில் அலைந்தாள். மூன்றாம் நாள் படகோட்டி நிதாய் ஒன்பது மைலுக்கு அப்பால் அவளைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தான்.

தஹ்மினா செய்தது சரி என்று ஊரே சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்தாள், அதனால் மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. ஷிரினும் பேசவில்லை. மனத்தாங்கல் உள்ள இரண்டு வீடுகளுக்கு நடுவே மூன்றாவது ஒரு வீடு வந்து கட்டிக்கொள்வது கல்மிகாலி வழக்கம். படகு கட்டும் அஃப்சரின் குடும்பம் அப்படி நடுவீடாக வந்து, பத்து வருடம் இரண்டு பக்கக் கயிறுகளையும் தாங்கியது. இந்த மாசியில் அஃப்சருக்கு மூச்சு முட்டல் அதிகமாகி, மேட்டுநகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடுவே முப்பது முழம் தண்ணீர் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் நிதாய் ஷிரின் வீட்டுக்குத் துடுப்புப் போட்டுப் போய், கயிற்றுமானியைப் பார்த்து, எண்ணைத் தஹ்மினாவிடம் வந்து சொன்னான். ஊருக்கு எல்லாம் தெரியும், ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. தஹ்மினாவும் இன்றைக்குப் பேசிவிடலாம், நாளைக்குப் பேசிவிடலாம் என்று நாளைக் கடத்தினாள்.

அவளுக்கும் நிதாய்க்கும் மட்டும் தெரிந்தது இன்னொன்றும் உண்டு. ஷிரின் வீட்டில் அவள், கணவன், மகள், மாமனார் என்று நான்கு பேர். பத்து வருடமாக அந்த வீட்டுத் திருகியில் விழுவது மூன்று.

அதிகாரி வரும் நாளில் நிதாய் காலையிலேயே தஹ்மினாவின் வாசலில் வந்து நின்றான். புதிதாக ஒரு வீட்டை நடுவில் நுழைத்தால் வரிசை மாறிவிடும், சட்டம் ஒத்துக்கொள்ளாது. விட்டுப்போன வீட்டின் இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குள் சேர்ந்துகொண்டால் மட்டும் ஒத்துக்கொள்ளும் என்று அவனுக்கு அவள் பலமுறை சொல்லியிருந்தாள். அவன் வேறு யோசனையோடு வந்திருந்தான்.

“தீதி, நானே ஒரு கயிறை ரெண்டு பக்கமும் கட்டி விட்டுடறேன். யார் கட்டினதுன்னு அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?”

“அவருக்குத் தெரியாது,” என்றாள் தஹ்மினா. “ஷிரினுக்குத் தெரியும்.”

கல்மிகாலியில் கயிற்றை ஒருவர் வீச வேண்டும், மற்றவர் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சுப் போடுகிறவர் எதிர்வீட்டு உயிர்களைத் தன் கம்பத்தில் ஏற்றுக்கொள்கிறார். வெட்டியவள் வீசலாம். ஆனால் முடிச்சு ஷிரினுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அதிகாரி தௌஹீத் ஒன்பது மணிக்கு வந்தார். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு மிதவைச் சட்டைகள் போட்டிருந்தார். மிதவையில் கால் வைத்ததும் கம்பத்தைப் பிடித்தவர், பிறகு அதை விடவே இல்லை. மனிதர் நல்லவர்தான், வயிறுதான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நிலமானிக் கோள் சரியாக ஒரு மணி நேரம் தலைக்கு மேல் இருக்கும், அதற்குள் கயிறு சுற்றி வந்து சேர வேண்டும், நடுவில் அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரம் இருக்காது என்று தயக்கத்தோடு விளக்கினார். அவருக்காக அன்று கயிறு தள்ளிப்போயிருந்தது. பதினாலாயிரம் பேர் ஒன்பது மணிவரை தேநீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். கல்மிகாலி எந்த அரசாங்கத்துக்கும் இவ்வளவு பெரிய தியாகம் செய்ததில்லை.

தஹ்மினா திருகியில் இரண்டு வைத்தாள், அவளும் அவள் கணவனும். மூன்று முறை சுண்டினாள். கயிறு வடக்கே ஓடியது.

வடக்கு வரிசை சணல்காரர்களுடையது. ஊறும் சணலின் நாற்றத்துக்கு வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், அங்கே பிறந்தவர்களுக்கு அதில்தான் பசி எடுக்கும். நடுவே ஓர் உலோக இழை வைத்து அவர்கள் முறுக்கிய கயிறுதான் மாவட்டம் முழுக்க. கிழக்கே திரும்பியபோது சாளரத்தில் எண் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அங்கே மிதக்கும் பாத்திகளில் பூசணியும் சுரையும் புடலையும். ஒரு பெண் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஐந்து என்று வைத்தாள். தெற்கே ஹில்சா மீன் வலைகள், நண்டுக் கூடுகள், ஒரே நங்கூரத்தில் நிற்கும் மசூதிப் படகும் காளி கோயில் படகும். மேற்கே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிப் படகு, பிறகு கண்ணுக்கு எட்டியவரை வாத்துகள். அதிகாரி தன் கையிலிருந்த கருவியில் ஒவ்வொரு வீடும் பச்சைப் புள்ளியாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வயிற்றை மறந்துவிட்டார்.

ஐம்பத்தோராவது நிமிடத்தில் கயிறு ஷிரின் வீட்டுக்கு வந்தது. அங்கே நின்றது.

முப்பது முழம் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஷிரின் தன் கம்பத்தருகே நின்றாள். இந்தப் பக்கம் தஹ்மினா ஒரு கயிற்றுச் சுருளோடு மிதவையின் விளிம்புக்கு வந்தாள். மேற்கு வரிசையில் ஆட்கள் கூரைகளில் ஏறியிருந்தார்கள். அவள் இத்தனை நாள் எழுதி வைத்திருந்த பேச்சு எதுவும் நினைவில் இல்லை.

“ஷிரின், பதினாலு வீட்டைக் காப்பாத்தத்தான் அறுத்தேன். நாளைக்கு அதே மாதிரி வந்தாலும் அறுப்பேன்னுதான் நினைக்கிறேன். ஆனா அன்னைக்கு அறுத்தது உன்னை. பத்து வருஷமா அதை என் வாயால சொல்லல. அது தப்பு.”

அதிகாரி நேரம் பார்த்தார். ஏழு நிமிடம் இருந்தது.

“ரெண்டு நாள் தண்ணியில நான் ஒண்ணைத்தான் யோசிச்சிட்டு இருந்தேன்,” என்றாள் ஷிரின். “அறுக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டியா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காற்றில் யார் கண்டார்கள்? ஆமாம் என்று சொன்னால் மாவட்டமே பிழைத்துப் போகும் என்பது தஹ்மினாவுக்கு நன்றாகத் தெரியும்.

“இல்ல,” என்றாள். “கூப்பிட்டிருந்தா எனக்குக் கை வந்திருக்காது.”

ஷிரின் தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. அவள் மகள், அன்று கைக்குழந்தையாக இருந்தவள், வீட்டுக்குள்ளிருந்து வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து நிமிடம், நான்கு நிமிடம் என்று அதிகாரி தன்னை அறியாமல் வாய்விட்டு எண்ண, நிதாய் அவர் காலை மிதித்தான்.

ஷிரின் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“கயிறை வீசு, ஆப்பா.”

ஆப்பா என்றால் அக்கா. அந்த வார்த்தையைத் தஹ்மினா பத்து வருடமாகக் கேட்கவில்லை. முதல் வீச்சு தண்ணீரில் விழுந்தது, கண்ணில் நீர் நிறைந்திருந்தால் குறி எப்படி வரும்? இரண்டாவது வீச்சை ஷிரின் பிடித்தாள். கம்பத்தைச் சுற்றி இரண்டு சுற்று, உள்ளே ஒரு வளையம், காலை ஊன்றி ஓர் இழுப்பு. கல்மிகாலியில் எந்தப் பெண்ணும் கண்ணை மூடிக்கொண்டு போடும் முடிச்சு. பிறகு கயிற்றுமானியின் பக்கம் திரும்பி, திருகியைத் திருப்பி, மூன்று முறை சுண்டினாள்.

தஹ்மினாவின் கம்பம் அதிர்ந்தது. அதிகாரியின் கருவியில் பச்சைப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு கோடாகி, கோடு தன்னைத் தானே தொட்டு மூடிக்கொண்டது. கோள் போக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அவர் ‘நீர்’ என்ற இடத்தை அடித்துவிட்டு ‘நிலம்’ என்று எழுதினார். எழுதும்போது இரண்டு கைகளும் வேண்டியிருந்ததால் கம்பத்தை விட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. இனி கடலோரத்தில் மிதக்கும் எந்த மாவட்டமும் இந்த வழியில் வரலாம் என்றார், தெற்கே மட்டும் பதினொன்று இருக்கின்றன என்றார். கோயில் படகில் சங்கு ஊதினார்கள். மசூதிப் படகின் ஒலிபெருக்கி விஷயத்தைச் சொன்னது. வரிசை வரிசையாக ஆரவாரம் வடக்கே போய், கயிறு போன வழியிலேயே சுற்றிக்கொண்டு மேற்கே திரும்பி வந்தது. அன்று மட்டும் தங்கள் முறை முடிந்த பிறகும் யாரும் கோப்பையைத் தொடாமல் காத்திருந்ததால், மூவாயிரம் கெட்டில்கள் ஒரே நேரத்தில் சாய்ந்தன.

தஹ்மினா அதில் எதையும் பார்க்கவில்லை. அவள் சாளரத்தில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரியும் எட்டிப் பார்த்துவிட்டு, பொறுப்பான மனிதர் என்பதால், நேற்றைய பதிவோடு ஒப்பிட்டார்.

“பதினாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழுன்னு இருக்கே, மேடம். நேத்தைவிட ஒண்ணு கூட. எந்த வீட்டிலாவது குழந்தை பிறந்திருக்கா?”

“இல்ல சாஹேப்,” என்றாள் தஹ்மினா. “என் தங்கச்சி. இன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்தா.”