ஆள் இல்லாத படம்

"படத்தில் ஓர் ஆள் நிற்கிறார். இடங்களின் படங்களை மட்டுமே மேப்பில் சேர்ப்போம்" என்று இன்டர்நெட் மேப் கம்பெனியிடமிருந்து மறுபடியும் மெயில் வந்திருந்ததைப் பார்த்ததும் சிவராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளாம். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் உற்றுப் பார்த்தான். பூட்டிய எதிர்வீடு, சாய்ந்த மின்கம்பம், திறந்து கிடக்கும் தன் வீட்டு நீலக் கதவு, அதற்குப் பின்னால் உள்ளே போகும் இருட்டு நடை. நாய்கூட இல்லை.

"கண்ணு அவிஞ்ச பசங்க! எந்த நாட்டுலயோ குந்திக்கினு என் வூட்டு வாசல்ல ஆளு நிக்குதுன்றான் பாரேன்!"

"காத்தால இருந்து அந்தப் பொட்டியோட மாரடிச்சிக்கினு இருக்கீங்க. பி.பி. ஏறிடப் போவுது, வந்து சாப்புடுங்க" என்றாள் அவன் மனைவி அம்சா சமையலறையிலிருந்து. சொல்லி முடித்ததும் அவள் நெஞ்சிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது. போன மாதத்திலிருந்து அவள் பேச்செல்லாம் அப்படித்தான் முடிகிறது.

அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும். போன மாதம் அவளுக்கு வீசிங் முற்றி, போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ், பிள்ளையார்பாளையத்தில் ஒரே மாதிரி இருக்கும் சந்துகளுக்குள் மாட்டிக்கொண்டு சுற்றியது. இவன் தெருத்தெருவாக ஓடிப் பிடித்து இழுத்து வந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி ஆபீஸில் போய்ச் சண்டை போட்டால், "கம்ப்யூட்டர்ல மேப் பாத்துதான் வண்டி அனுப்புறோம். அதுல உங்க சந்தே இல்லியே, நாங்க இன்னாபா பண்றது?" என்று கை விரித்தார்கள்.

நகராட்சிக்காரன் பலகை வைக்க மாட்டான். ஆம்புலன்ஸ்காரன் மேப்பைத்தான் நம்புவான். சரி, நானே போடுகிறேன் என்று, பட்டு சொசைட்டியில் வந்த போனஸில் டிஜிட்டல் கேமரா வாங்கி, மெயின் ரோட்டிலிருந்து ஒவ்வொரு திருப்பத்தையும் படமெடுத்து ஏற்றினான் சிவராஜ். தேரடி, மாவு மில், அடிபம்பு எல்லாம் ஏறிவிட்டன. இந்தப் படம் பார்த்துத்தான் கோயிலுக்கு வழி கண்டுபிடித்தோம் என்று பெங்களூர்க்காரர் ஒருவர் நன்றிகூட எழுதியிருந்தார். கடைசித் திருப்பமும் வீட்டு வாசலும் மட்டும் ஏறவில்லை. அது ஏறாவிட்டால் வண்டி மறுபடியும் பக்கத்துச் சந்துக்குள்தான் போய் முட்டும்.

படத்தில் ஆள் விழக் கூடாது என்றே இன்று எடுத்தான். அமாவாசை. நெசவாளர் தெருவில் தறி ஓடாத நாள். விடிந்ததிலிருந்து தறிச் சத்தம் அடித்துக்கொண்டே இருக்கும் தெரு வாயடைத்துக் கிடந்தது, முக்கால்வாசிப் பேர் பிள்ளைகுட்டிகளோடு சினிமாவுக்கும் கோயிலுக்கும் போயிருந்தார்கள்.

"எங்கே ஆள்? ஆம்பளையா இருந்தா கட்டம் போட்டுக் காட்டு" என்கிற அர்த்தத்தில் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் காறித் துப்பி அனுப்பினான். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பதில். அவன் படத்தையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். வாசற்படியில், வெறும் காற்றைச் சுற்றி, ஆளுயரத்துக்கு ஒரு சிவப்புக் கட்டம்.

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கேமராவை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய் மறுபடி எடுத்து அனுப்பினான். இந்த முறை கட்டம் வாசற்படியில் இல்லை. நடையில் இருந்தது.

"வெளையாடுறீங்களாடா டேய்!"

எழுந்து நடைக்குப் போனான். காயாத துணியை மடித்து வைத்த வாடை. சுவரைத் தொட்டால் பிசுபிசுத்தது. யாருமில்லை. யாராவது இருந்தால்தானே தெரிய! கதவை இழுத்துச் சாத்தி, தாழ் போட்டு, பூட்டும் போட்டான். பயம் வந்தால் அதைக் கோபமாக்கிக்கொள்வது அவன் சுபாவம். பூட்டிய வீட்டுக்குள் இப்போது எவன் வருகிறான் பார்க்கலாம் என்று, ஆளில்லாத கூடத்தை ஒரு படம் எடுத்து ஏற்றினான்.

பதில் உடனே வந்தது. அம்சா எப்போதும் உட்காரும் பிரம்பு நாற்காலி. அதன் பின்னால் கட்டம். கொஞ்சம் சாய்ந்த கட்டம். குனிந்து நிற்பவரைச் சுற்றி வரைந்தது போல.

உள்ளே அம்சாவுக்கு இழுப்பு ஏறிக்கொண்டிருந்தது. கரகரவென்று, ஈரமாக.

"அம்சா! இங்க வா. அந்த நாக்காலியில குந்து."

"எதுக்குங்க? தலகூட வாரலியே."

"குந்துன்னா குந்தேன்! ஆளுன்னா இன்னான்னு அவனுங்களுக்குக் காட்டுறேன்."

முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மடியில் இன்ஹேலர். மூஞ்சியைத் தூக்கி, கொஞ்சம் சிரித்தாள். எடுத்தான். கேபிளைச் செருகி ஏற்றினான். இப்போ சொல்லுங்கடா.

காத்திருந்தான். தெரு கம்மென்று இருந்தது. முதுகுக்குப் பின்னால் இழுப்புச் சத்தம் மட்டும். இழுத்து. விட்டு. இழுத்து.

மெயில் வந்தது.

"படம் ஏற்கப்பட்டது. ஆட்கள் யாரும் இல்லாத, தெளிவான படம். உங்கள் உதவிக்கு நன்றி."

மேப்பைத் திறந்தான். அவன் வீடு இருந்த இடத்தில் அந்தப் படம். நாற்காலியில் அம்சா சிரித்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் தெரிந்தாள். அவளை இல்லை என்கிறார்கள். வாயில் கெட்ட வார்த்தை வந்தது.

திரும்பினான். அம்சா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதே சிரிப்பு. கண் இமைக்கவில்லை.

"அம்சா?"

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கேபிளைப் பிடுங்கி, கேமராவைத் தூக்கி அவளைப் பார்த்தான். ஆள் முகம் எதிரே இருந்தால் தானாகவே அதன் மேல் மஞ்சள் கட்டம் போடும் கேமரா அது. அம்சாவின் முகத்தில் கட்டம் விழவில்லை.

கட்டம் தேடியது. ஆடியது. நின்றது.

நாற்காலிக்கும் அவனுக்கும் நடுவில். வெற்றிடத்தில்.

அவள் உதடு நீலமாக இருந்தது. மார்பு அசையவில்லை. ஆனால் இழுப்புச் சத்தம் நிற்கவில்லை. அம்சாவின் இழுப்புதான், அந்த விசிலோடு. நாற்காலியிலிருந்து வரவில்லை. கட்டம் இருந்த இடத்திலிருந்து வந்தது.

இழுத்து. விட்டு.

திரையில் கட்டம் பெரிதானது. இன்னும் பெரிதானது. அவன் நெற்றியில் வெதுவெதுப்பாக மூச்சுக்காற்று பட்டது.