நாலாவது மூலை

படத்தின் மூன்று மூலைகள் வெளுத்துவிட்டன. நாலாவது மட்டும் கறுப்பாகவே நின்றது.

விற்பனைக்கு வந்த காலி வீடு ஒன்றைத் தம்பி காலையிலிருந்து படமெடுத்துக்கொண்டிருந்தான். எடுக்கும் ஒவ்வொரு படமும், திருத்தப்படாத ரா ஃபைலாகவே, ஊரின் மறுகோடியில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அக்காவின் கணினிக்கு உடனுக்குடன் வந்து விழும். அவனுடைய அகலக்கோண லென்ஸ் ஓரங்களை இருட்டடிக்கும். படம் திருத்தும் மென்பொருளில் அவள் ஒரு டிக் போட்டால் சரியாகிவிடும். பன்னிரண்டு வருடமாகச் செய்கிற வேலை. லென்ஸின் இருட்டு வட்டமானது, நான்கு மூலைக்கும் ஒரே அளவு. இது அப்படியில்லை.

மின்விசிறியின் கிறீச்சொலியும் சூடேறிய கணினியின் பிளாஸ்டிக் வாடையும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த மதிய அறையில், அவள் அந்த மூலைக்கு மட்டும் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். இருட்டு கரைந்து புள்ளி புள்ளியாகச் சுவர் தெரிந்தது, சுவரடியில் தூசி தெரிந்தது, தூசியில் இரண்டு குதிகால்கள் தெரிந்தன.

யாரோ சுவரைப் பார்த்து நின்றிருந்தார்கள்.

அடுத்த படம், படுக்கையறை. அதே மூலை. ஏற்றினாள். குதிகால்கள் இல்லை, கால்விரல்கள். இந்தப் பக்கம் திரும்பியாகிவிட்டது.

போன் செய்தாள்.

“டேய், அங்க உன்கூட யார்ரா இருக்கா?”

“யாருமில்லக்கா. சாவியே என்கிட்டதானே இருக்கு.”

“உடனே கிளம்பி வெளிய வா.”

“என்ன விளையாடுறியா? இன்னும் சமையக்கட்டு பாக்கி.”

“வாடான்னா வா!”

“சரி சரி, கத்தாத. கேமரா ஹால்ல ஸ்டாண்டுல இருக்கு, எடுத்துட்டு வர்றேன்.”

“அதை விட்டுத் தொலை.”

“எப்படி விடறது? என் பொழப்பே அதுதான்.”

காலி அறைகளில் அவன் காலடி எதிரொலித்தது. நின்றது.

“அக்கா... ஸ்டாண்டு மட்டும்தான் இருக்கு.”

கிளிக். போன் வழியாகவே கேட்டது.

திரையில் புதுப் படம். ஹால். நடுவில் தம்பி, முதுகு காட்டி, காதில் போனுடன்.

ஓடு என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

கிளிக். அவன் தோள்கள்.

கிளிக். பிடரி. பிடரியில் வியர்வை.

இணைப்பு அறுந்தது.

போலீஸ்காரர்கள் கதவை உடைத்தபோது அது உள்பக்கம் தாழிட்டிருந்தது. எல்லா அறையும் காலி. “எப்படியோ வெளிய போயிருப்பான்மா, வந்துடுவான்,” என்றார் இன்ஸ்பெக்டர். அவள் காட்டிய படங்களில் அவருக்கு வெறும் கறுப்புதான் தெரிந்தது.

படங்கள் நிற்கவில்லை. தினம் ஒன்று. தம்பியின் முகம் மட்டும், லென்ஸை ஒட்டி, கண் அகலத் திறந்து. ஓரங்களில் இருட்டு. தினமும் உள்நோக்கி ஒரு விரற்கடை. அவள் ஏற்றுவாள். அப்படியும் காது போனது. நெற்றி போனது. வாய் போன அன்று அது எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

இன்று வெளிச்சத்தைக் கடைசிவரை ஏற்றியாகிவிட்டது. அதற்குமேல் நகராது.

நடுவில் ஒரு கண். ஈரமாக. அவளைப் பார்த்தபடி.