அடையாளம் சொன்னால் திரும்பக் கிடைக்கும்

தாணுலிங்கத்தின் சிம்மாசனத்தைக் காணவில்லை.

சாப்பாடு முடிந்து, கட்டிலில் மல்லாந்து, போனைத் தொப்பைமேல் சாய்த்து வைத்து ‘கொட்டாரம்’ விளையாட்டைத் திறந்தவன் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சதுரம்தான். ராஜசபையின் நடுவில் சிம்மாசனம் நின்ற இடம் மட்டும், பல வருஷம் பீரோவுக்கு அடியில் கிடந்த தரை மாதிரி, சுற்றியிருந்த தரையைவிட ஒரு நிறம் கூடிப் பளிச்சென்று தெரிந்தது. விளையாட்டுக்குள் வெயில் கிடையாது, தூசி கிடையாது. அப்புறம் எங்கிருந்து வந்தது அந்தத் தடம்? வேறொருவனாக இருந்தால் அங்கேயே போனை வீசிவிட்டுக் குலதெய்வத்தைக் கூப்பிட்டிருப்பான். தாணுலிங்கம் சாமான்களை எண்ணினான். மயில் விளக்கும் போயிருந்தது. யானைகளும் போயிருந்தன.

முந்தின நாள் எவனோ அனுப்பிய ‘இலவச ஐராவதம்’ என்ற லிங்கை அமுக்கியது இவன்தான். கள்ளன் அந்த வழியாகவே உள்ளே புகுந்திருந்தான்.

கொட்டாரம் என்பது ஆளுக்கொரு அரண்மனை கட்டி, அதில் சாமான் நிரப்பி, தெரிந்தவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டி வயிறெரிய வைக்கிற விளையாட்டு. பக்கத்துப் பாத்திரக்கடை மஹேஷின் கொட்டாரத்தில் பவளத் தூணே நிற்கிறது. அதைப் பார்த்த நாளிலிருந்து தாணுலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்றாம் தடவை போடுகிற சோறு.

“கள்ளன் உங்க யானைய வச்சு என்ன செய்வானாம் அத்தான்? தென்னமட்ட வெட்டிப் போடுவானோ?” என்று அவன் புலம்பலைக் கேட்டு அடுக்களையிலிருந்து சிரித்தாள் மனைவி அனுஷா.

“நீ சும்மா இரிட்டி. நோவு எனக்கல்லவா தெரியும்.”

“எனக்கும் நோவுதான். ரண்டு நாளா ஒங்க மவன் உள்ள ஃபுட்பால் ஆடுதான். நாளைக்கு திரவியம் வந்தா நான் போயிருவேன், கேட்டோ. பொறவு யானையும் நீங்களுமா இருங்க.”

நிறைமாதம். நாகர்கோவிலிலிருந்து அவள் தம்பி திரவியம் இன்றைக்கே வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும்; ஹர்த்தால் தடுத்துவிட்டது. ஹர்த்தால் என்றால் திருவனந்தபுரத்தில் காக்காகூட அனுமதி கேட்டுத்தான் பறக்கும். கீழே சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெரு ஷட்டர் ஷட்டராகக் கண்ணை மூடிக் கிடந்தது. மழை தகரத்தில் விழுகிற சத்தம், ஈரச் சாக்கின் வாடை, அடுக்களையில் அனுஷா நடக்கும்போதெல்லாம் முழங்கை வரை அடுக்கிய வளைகாப்பு வளையல்கள் கிலுங்குகிற ஓசை. இவ்வளவுதான் அந்த மத்தியானம்.

தாணுலிங்கம் விளையாட்டின் உதவிப் பகுதியைத் திறந்தான். ‘நான் ஆர்யா. இழந்த பொருளின் அடையாளத்தைச் சொல்லுங்கள். இப்போது யாரிடம் இருக்கிறதோ அவரிடமிருந்து மீட்டுத் தருவோம்’ என்று ஒரு வரி வந்து நின்றது. சொன்னான். அவன் கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் சிம்மாசனம் சபைக்குத் திரும்பியது. பின்னாலேயே மயில் விளக்கு. அதன் பின்னாலேயே யானைகள்.

‘வேறு ஏதாவது இழந்தீர்களா?’

இங்கேதான் சாலைக் கம்போளத்துப் புத்தி தலைதூக்கியது. தாணுலிங்கத்துக்குப் பீங்கான் மொத்த வியாபாரம். லாரியில் ஒரு கோப்பை உடைந்து வந்தால் பெட்டியே உடைந்ததாக நஷ்டஈடு கேட்பது கம்போளத்து வழக்கம். அதிலும் ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. உடையாத கோப்பை ஒன்றைக் கண்முன் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து உடைந்ததன் அங்கலட்சணத்தைச் சொல்ல வேண்டும். அப்போது பொய் தடுமாறாது. இந்தக் கலையில் தாணுலிங்கத்துக்குப் பத்ம விருதே கொடுக்கலாம்.

அறை வாசல் வழியாகக் கூடத்தை எட்டிப் பார்த்தான். ஊஞ்சல் தெரிந்தது. ‘ஈட்டிமர ஊஞ்சல். பித்தளைச் சங்கிலி. இடதுபக்கக் கைப்பிடியில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும்’ என்று எழுதினான்.

‘கண்டுபிடித்துவிட்டோம். மீட்கப்பட்டது.’

ராஜசபையில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. சில்லு பெயர்ந்த கைப்பிடியோடு. அடடா, என்ன கெட்டிக்காரர்கள்! தாணுலிங்கம் துள்ளி உட்கார்ந்தான். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை நினைத்து எழுதினான், வந்தது. கண்ணாடி பதித்த பீரோவை எழுதினான், அதுவும் வந்தது. கண்ணாடியில் ஒட்டிய பொட்டு முதற்கொண்டு வந்தது. மஹேஷின் பவளத் தூணைக் கொண்டுபோய்க் குப்பையில் போடலாம் என்று தோன்றியது.

‘வேறு ஏதாவது?’

அடுக்களையில் வளையல் கிலுங்கியது. தாணுலிங்கத்தின் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு பரவியது. ‘ராணியையும் கொண்டுபோய்விட்டான்’ என்று தட்டினான்.

‘அடையாளம்?’

கட்டிலில் இருந்தபடியே எக்கி, கதவிடுக்கு வழியாக மனைவியைப் பார்த்துப் பார்த்து எழுதினான். இடது காதுக்குக் கீழே மச்சம். முன்பல்லில் ஒரு சிறு இடைவெளி. வலதுகாலில் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள். வயிற்றை மட்டும் எழுதவில்லை. இப்படிப் பூசணிக்காய் மாதிரி வயிற்றோடு ராணி வந்து நின்றால் மஹேஷ் சிரிக்க மாட்டானா? ‘கொடி போன்ற இடை, ஒட்டிய வயிறு’ என்று போட்டான்.

‘உறுதி செய்கிறீர்களா?’

ஆம் என்று அமுக்கினான்.

‘தேடுகிறோம்.’

மற்றதெல்லாம் கண் இமைப்பதற்குள் வந்தது. இது மட்டும் தேடிக்கொண்டே இருந்தது. காத்திருந்தபோதுதான் ஏதோ ஒன்று குறைவதாகக் காதுக்குத் தோன்றியது. மழை இருந்தது, வளையல் இருந்தது, ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ராப்பகலாக மண்டைக்குள் தட்டிக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றுபோயிருந்தது. கடிகாரம். கூடத்துக் கடிகாரம்.

எழுந்து போனான்.

கூடம் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. சுவரில் ஒரு வட்டம், சுற்றியிருந்த சுண்ணாம்பைவிட ஒரு நிறம் வெளுத்து. பீரோ நின்ற இடத்தில் சதுரம், பளிச்சென்று. உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கிகள் மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தன, இப்போதுதான் யாரோ இறங்கிப் போனதுபோல. வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

போன் அதிர்ந்தது.

‘தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் இழந்த பொருள்கள் எல்லாம் ஒரே கள்ளனிடம்தான் இருந்திருக்கின்றன. சாலைக் கம்போளத்தில் ஒரு மாடி வீடு. ராணியும் அங்கேதான் இருக்கிறார். அடுக்களையில்.’

‘பொய்’ என்று எழுதினான். ‘ராணி யாரும் இல்லை. நான் சும்மா சொன்னேன்.’

‘கள்ளர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.’

‘நான் கள்ளன் இல்லை. அவள் என் மனைவி.’

‘ஆம். உங்களுடையவர் என்று நீங்கள்தான் உறுதி செய்தீர்கள். கொண்டுவருகிறோம்.’

போனைத் தரையில் அடித்தான். கண்ணாடி நட்சத்திரமாக விரிந்தது, வெளிச்சம் அணையவில்லை. பொறுக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினான். அனுஷா அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் அவள் இரண்டு கையையும் வளையலோடு சேர்த்துப் பிடித்தான்.

“எந்தா அத்தான் இது? பாலு பொங்குது, விடுங்க.”

“அனங்காதட்டி, அசையாம நில்லு. ஒண்ணும் கேக்காத. என் கைய விட்டுராத.”

“நோவுது. வளையலு குத்துது.” அவள் சிரிக்கப் பார்த்தாள். அவன் முகத்தைக் கண்டதும் சிரிப்பு பாதியில் நின்றது. “யாரு அத்தான் பொறத்த? யாரு வந்திருக்கா?”

யாரும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அவள் கண் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, பின்னால், எதையோ பார்த்தது. அவள் உள்ளங்கை ஈரமானது. குளிர்ந்தது. அவன் இறுக்கினான். ஒரு வளையல் நொறுங்கியது. இன்னொன்று.

“அத்தான், என் வயித்த…”

இறுக்கினான்.

கையில் வளையல்கள் மட்டும் இருந்தன.

நைட்டி உடனே விழவில்லை. ஒரு கணம் ஆள் இருப்பதுபோலவே நின்றது, தோளோடு, மடிப்போடு. பிறகு மேலிருந்து கீழாக, அவசரமில்லாமல் அடங்கித் தரையில் குவிந்தது. மேலே தாலிச்செயின் சரிந்து விழுந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கருகிய பால் வாடை. கூடவே வேறொரு வாடை. சூடான, உப்பான வாடை.

போன் அதிர்ந்தது.

‘ராணி மீட்கப்பட்டார். நீங்கள் சொன்ன அடையாளத்தில் இல்லாத எதையும் நாங்கள் எடுக்கவில்லை. வேறு ஏதாவது?’

விரிசல் கண்ணாடிக்குள் ராஜசபை. சிம்மாசனம். யானைகள். நடுவில் அவள். மச்சம் இருந்தது. கொடி போன்ற இடை. ஒட்டிய வயிறு. அதை அவள் இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். குனிந்தாள். ஊஞ்சலுக்கு அடியில் துழாவினாள். பீரோவைத் திறந்தாள். மூடினாள். யானையின் கால்களுக்கு நடுவே தவழ்ந்து தேடினாள். வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் இல்லை.

சத்தம் இங்கே இருந்தது.

காலடியில். மெல்லியதாக, ஈரமாக, பூனைக்குட்டி போல.

நைட்டிக் குவியலின் நடுவில் துணி ஒருமுறை எழும்பியது. அடங்கியது. மறுபடி எழும்பியது. ஓரத்திலிருந்து சிவப்பு மெதுவாக ஊறி, பொங்கி வழிந்த பாலோடு கலந்தது.

தாணுலிங்கம் குனியவில்லை. திரையையே பார்த்தான்.

திரையில் அவள் தேடுவதை நிறுத்தியிருந்தாள். பளிங்குத் தரையில் கன்னத்தை அழுத்தி, காதை வைத்து, அடியிலிருந்து வருகிற எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நகங்களால் தரையைத் தோண்ட ஆரம்பித்தாள்.