கஜனி வெறுங்கையோடு போகமாட்டாள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் தேவாலயத்துக்குப் போயே ஆக வேண்டும். லா சப்பல் என்ற பிரெஞ்சு நகர்ப்பகுதியில் அகதிக் குடும்பங்களுக்காக அரசு நடத்தும் விடுதி அது. பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகள் அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பெரியவர்களுக்கோ ஞாயிறு காலையிலும் வேலை. அதனால் உதவிக்கு வரும் மதாம் ஜெர்மேன் எங்களை வரிசையாகப் பூசைக்குக் கூட்டிப் போவார்.

எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. நான் ஷிரோமி, மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை. போன வருடமே ‘முதல் நன்மை’ என்கிற முதல் நற்கருணைகூட வாங்கிவிட்டேன்.

கஜனிதான் பாவம். அவள் யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை. ஊரில் சண்டை முடிந்த மறு வருடம் வந்த குடும்பம். அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்; பூசை முடிந்ததும் மதாம்தான் அவளை அங்கே கூட்டிப் போவார். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவப் போய்விடுவார். பூசை முழுக்க அவள் வாயே திறக்காமல் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு ஞாயிறு நற்கருணை வாங்க வரிசையில் போனேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் கஜனி! பாதிரியார் வெள்ளை அப்பத்தை அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றினாள். பிறகு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

நான் அவளுடைய காதருகே குனிந்தேன்.

“என்னடி செய்யிறாய்?”

“அம்மாவுக்கு,” என்றாள். “கோயிலிலை தந்தால் வருத்தமாய்ப் படுத்திருக்கிறவைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறதுதானே?”

நான் கத்தியிருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவள் அழுதிருப்பாள். வாயை மூடிக்கொண்டேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று புரியும்.

பூசை முடிந்ததும் அவளைத் தூணுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனேன்.

“கஜனி, உன்னிலை பிழை இல்லை. ஆனா இதை வெளியிலை கொண்டுபோகேலாது. எங்களுக்கு இது இயேசுதான்.”

“அப்ப அம்மாவிட்டை வெறுங்கையோடையோ போறது?” அவள் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டாள். “நாளைக்கு அவவுக்கு ஒப்பரேசன்.”

அது எனக்குத் தெரியாது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

“முதல்லை இதைப் பாதரிட்டைத் திருப்பிக் குடுப்பம். பிறகு ஒரு வழி பாப்பம். பயப்பிடாதை, நானும் வாறன்.”

பாதிரியார் ஏசவில்லை. நான் பிரெஞ்சில் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அப்பத்தை வாங்கி அமைதியாகத் தானே உட்கொண்டார். கைக்குட்டையில் ஒரு துகளும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

வாசலில் மதாம் ஜெர்மேன் எங்களைத் தேடிக்கொண்டு நின்றார்.

“மதாம், கஜனி எங்கள் சமயம் இல்லை. அவளுடைய கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எங்களை அங்கே கூட்டிப் போவீர்களா?” என்று கேட்டேன்.

அவருடைய முகம் சிவந்துவிட்டது. “தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டேனே!” என்றார். கொஞ்சம் யோசித்தார். “அடுத்த ஞாயிறு என் தோழி மர்கரீத்தை அழைத்து வருகிறேன். பூசைக்கு வராத பிள்ளைகளோடு அவள் விடுதியில் இருப்பாள்.”

வேலை முடிந்து வந்த அம்மாமாரிடம் மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

கோயிலுக்குள் நுழைந்ததும் கஜனி வேறு பிள்ளையாகிவிட்டாள். என் சட்டையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். பிள்ளையாருக்கு முன்னால் தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாள். மதாம் ஜெர்மேன் வெறுங்காலோடு நின்று, “இவளுக்கு முழங்கால் நோகாதா?” என்று என் காதில் கேட்டார்.

ஐயர் கொடுத்த திருநீற்றைக் கஜனி கடதாசியில் மடித்து எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தக் கையை விரிக்கவே இல்லை.

கஜனியின் அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார். “கோயிலுக்குப் போயிட்டோ வாறாய், என்ரை குஞ்சு?” என்று கஜனியைக் கட்டிப்பிடித்து அழுதார். அவள் நடந்ததெல்லாம் சொன்னாள்.

அம்மா என்னைக் கிட்ட வரச் சொன்னார். திருநீற்றோடு என் நெற்றிக்கு வந்த விரல் பாதியில் நின்றது.

“நீங்கள் வேதக்காரர், இயேசுவைக் கும்பிடுறனீங்கள் எல்லோ பிள்ளை? பூசலாமோ?”

நான் யோசித்தேன்.

“தலையிலை கை வையுங்கோ அன்ரி. அதுவே எனக்குக் காணும்.”

ஊசி ஏற்றியிருந்த கையை மெல்லத் தூக்கி என் தலையில் வைத்தார். அவர் அதை எடுக்கும்வரை நான் அசையவே இல்லை.